நுரைத்துண்டு சொன்ன சாட்சியம்

2003ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி, சனிக்கிழமை. ஞாயிறு இதழின் முதற்பக்கத்தை ஒருவாறு ஒப்பேற்றிவிட்டுத் தேநீர் அருந்த எழுந்த வேளை. கொழும்பில் அப்போது இரவு எட்டு மணி. சிறிது நேரத்தில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் அவசரக் குறிப்புகள் கணினித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. தரையிறங்குவதற்கு 16 நிமிடங்களே எஞ்சியிருந்த நிலையில் கொலம்பியா விண்ணோடத்துடனான தொடர்பு அறுந்துவிட்டது என்றது முதற்குறிப்பு. டெக்சாஸ் மாநிலத்தின் வானில் அது துண்டுதுண்டாகச் சிதறியதைப் பொதுமக்களே கண்டார்கள் என்றது அடுத்தது. எழுவர் மாண்டனர். இந்தியாவின் ஹரியானா மாநிலத்துக் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களுள் ஒருவர். முடித்துவைத்த பக்கத்தைக் கலைத்து அவருடைய படத்தைப் பெரிதாக இட்டு, நள்ளிரவுக்கு முன் அச்சுக்கு அனுப்பினோம்.

அந்த இரவின் வேலையைப் பற்றி எனக்கு மனக்குறை ஏதுமில்லை. சில நாட்களின் பின் செய்த ஒரு காரியமே இன்றுவரை உறுத்துகிறது.

பெப்ரவரி 5ஆம் திகதி அமெரிக்காவில் நடந்த செய்தியாளர் மாநாட்டில், விண்ணோடத் திட்டத்தின் முகாமையாளர் ஒரு கருத்தைச் சொன்னார். விண்ணோடம் புறப்பட்ட வேளையில் எரிபொருள் தாங்கியிலிருந்து பெயர்ந்து இடது இறக்கையில் மோதிய நுரைத்துண்டுதான் இவ்வளவு பெரிய அழிவுக்கு மூலகாரணம் என்பது தமக்குப் பொருத்தமாகப் படவில்லை என்பதே அதன் சாரம். நேர வேறுபாடு காரணமாக அச்செய்தி 7ஆம் திகதி இதழிலேயே எங்களுக்கு ஏறியது. ‘நுரைத்துண்டு காரணமல்ல’ என்று அதற்குத் தலைப்பிட்டவன் நான். பொருத்தமாகப் படவில்லை என்று அவர் சொன்னதை ‘அல்ல’ என்று முடித்துவைத்தது என் பேனா. அதைப் பார்த்து எவரும் முகம் சுளிக்கவில்லை. ஏனெனில், அச்செய்தி எல்லோருடைய புத்திக்கும் ஒத்துப்போனது. ஈழத்தில் ரெஜிபோம் என்றும் தமிழகத்தில் தெர்மாக்கோல் என்றும் சொல்லப்படும் பொருளை யாவரும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம். அதையொத்த ஒரு நுரைப்பொருள் விண்ணோடத்தின் இறக்கையை உடைக்குமா?

உடைக்கும். எப்படி என்பதைப் பின்னர் கணக்கிட்டவர்கள் சொன்னதைக் கேளுங்கள். ஜனவரி 16ஆம் திகதி விண்ணோடம் கிளம்பி ஏறத்தாழ 82 செக்கன்களில், 20 கிலோமீற்றர் உயரத்தில், ஒரு சிறிய பிரயாணப் பெட்டியின் பருமனுடைய நுரைத்துண்டு பெயர்ந்தது. அதன் நிறை 760 கிராம் அளவே. ஒலியைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் சென்றுகொண்டிருந்த விண்ணோடத்திலிருந்து அது கழன்றதும் எதிர்க்காற்று அதைப் பிடித்து நிறுத்தியது. ஒரு செக்கனின் ஆறிலொரு பங்கு நேரத்துக்குள் அது தன் வேகத்தில் மணிக்கு 850 கிலோமீற்றருக்கு மேல் இழந்தது. விண்ணோடமோ வேகம் குறையாமல் வந்து அதன்மேல் மோதியது. கனமான பொருளாயின் காற்று அதை இவ்வளவு விரைவில் தடுத்திருக்க முடியாது. ஆகவே, பாரமற்றது என்று நாம் எள்ளி நகையாடிய குணமே அதை ஆயுதமாக்கிற்று. அந்த மோதலின் சக்தியை நானும் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள மோட்டார் வாகனம் மணிக்குச் சுமார் 23 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதினால் என்ன சக்தியோ, அதே சக்தி.

மோதலுக்குள்ளான பாகம் எத்தகையது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். விண்ணோடத்தின் ஒவ்வோர் இறக்கையின் முன்விளிம்பிலும் 22 தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. காபன் இழைகளால் வலுவூட்டப்பட்ட காபனால் ஆனவை அவை. பூமியின் வளிமண்டலத்துள் திரும்பி நுழையும்போது ஏறத்தாழ 1,650 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கவேண்டியவை. ஆனால் காபன், கரியல்லவா? அந்த வெப்பத்தில் ஒட்சிசன் பட்டால் எரிந்துபோகும். அதனால் அதன் மேற்பரப்பைச் சிலிக்கன் காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளாக மாற்றிப் பூச்சாக அமைத்தார்கள். அந்தப் பூச்சின் தடிப்பு அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை. ஏழு உயிர்களுக்கும் தீக்கும் இடையில் நின்றது இந்தத் தகடும் அதன் தோலுமே.

இங்கே ‘கடினம்’ என்ற சொல்லில்தான் நம்மில் பலர் வழுக்கி விழுகிறோம். கடினமான பொருள் உறுதியானது என்று பேச்சுவழக்கில் கொள்கிறோம். பொறியியலாளர்கள் இவ்விரண்டையும் வேறுவேறாக வைத்திருக்கிறார்கள். கீறலுக்கும் தேய்வுக்கும் இடங்கொடாமை ஒரு குணம். அடி விழும்போது பிளவுபடாமல் அந்த அடியை வாங்கிக்கொள்வது வேறு குணம். கண்ணாடி இரும்பாணிக்கு எளிதில் கீறப்படாது. ஆனால் கை தவறி விழுந்தால் நொறுங்கிவிடும். பெரும்பாலும் முதற்குணம் கூடக்கூட இரண்டாவது குணம் குறைகிறது.

இரும்புச் சாமான் கடைகளில் பொன்னிறமான துளையிடும் அலகுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைட்டு என்னும் பூச்சினுடையது. அது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு தடிப்பே உடையது. எனினும் அலகின் ஆயுளைப் பன்மடங்கு கூட்டுவது. இத்தகைய பூச்சுகளைச் சோதிக்கப் பல வழிகள் உண்டு. வைரமுனையால் பாரத்தைக் கூட்டிக்கூட்டிக் கீறி, எந்தப் பாரத்தில் பூச்சு உரிகிறது என்று பார்ப்பார்கள். கூம்பு வடிவான வைரத்தை அழுத்திக் குழி உண்டாக்கி, குழியைச் சுற்றி வெடிப்புகள் எவ்வாறு ஓடியிருக்கின்றன என்று நுணுக்குக்காட்டியில் ஆராய்வார்கள். இவை பயனுள்ள சோதனைகளே. ஆயினும் இவை ஒரே ஒரு தடவை இழைக்கப்படும் கொடுமைக்குப் பூச்சு தரும் பதிலை மட்டுமே சொல்கின்றன.

தொழிற்சாலையில் ஓர் அச்சுக்கட்டையோ வெட்டும் கருவியோ படும் பாடு அதுவன்று. சிறு அடி, மறுபடி சிறு அடி, இலட்சக்கணக்கில் சிறு அடிகள். எந்தத் தனி அடியும் அதை உடைக்கப் போதுமானதல்ல. இதற்கெனத் தனியான சோதனை ஒன்று உண்டு. மிகக் கடினமான ஒரு சிறு குண்டு, அளந்து வைத்த விசையுடன், பூச்சின் ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப அடிக்கும். சில வேளை பத்து இலட்சம் தடவைகள்கூட அடிக்கும். இடையிடையே நிறுத்தி, குழியில் வெடிப்பு தொடங்கிவிட்டதா, பூச்சு பெயர்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எந்த விசையில் எத்தனை அடிகளைத் தாங்கியது என்பதை வரைபடமாக்குவார்கள். கீறற் சோதனையில் முதலிடம் பெற்ற பூச்சு இந்தத் தேர்வில் பின்தங்கிவிடக்கூடும். பூச்சு எவ்வளவு கடினமாயினும் அதன் அடியிலுள்ள உலோகம் மென்மையாக இருந்தால், அடியில் உலோகம் அமுங்கும். மேலே பூச்சு முட்டையோடுபோல் விரிசல்விடும். கடினமான படைகளுக்கிடையே சற்று மென்மையான படைகளை மாறிமாறி வைத்தால் வெடிப்பு ஒரு படையில் தொடங்கி அடுத்த படையில் தடைப்படுகிறது என்பதை அறிந்து, இன்று பல பூச்சுகளை அவ்வாறே அமைக்கிறார்கள்.

திரும்பத்திரும்ப விழும் சிற்றடியின் வலிமையை நான் முதலில் கண்டது அச்சுக்கூடத்தில். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம் அது. புதிதாக வார்த்துவந்த எழுத்துகள் முதல் நாள் பளிச்சென்று பதியும். நாளடைவில் கொம்புகளும் விசிறிகளும் ஒவ்வொன்றாக ஒடியத் தொடங்கும். எந்த அழுத்தத்தில் எது ஒடிந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. “நேற்று நல்லாய்த்தானே இருந்தது” என்று நான் கேட்டால், “நேற்றைக்கும் அது ஒடிஞ்சுகொண்டுதான் இருந்தது தம்பி, உங்களுக்குத் தெரியேல்லை” என்பார் மூத்த அச்சுக்கோப்பாளர். உலோகக் களைப்பு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பின்னர் எந்த நூலிலும் படிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் ஓகஸ்ட் வோலர் என்ற ரயில்வேப் பொறியியலாளர், வண்டி அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழலவிட்டுப் பரிசோதித்து உலகுக்கு உணர்த்தியதும் இந்த உண்மையையே.

சோதனை செய்துவிட்டோம் என்று சொல்வதும் போதாது. 1954ஆம் ஆண்டு ஜனவரியில் எல்பா தீவருகிலும் ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகிலும் பிரித்தானியாவின் இரு கொமெற் ஜெற் விமானங்கள் நடுவானில் பிளந்து கடலில் வீழ்ந்தன. அந்த விமானத்தின் உடற்பகுதி ஒன்றை அதன் தயாரிப்பாளர்கள் முன்னரே 16,000 தடவைகளுக்கு மேல் அழுத்தி விரித்துப் பரிசோதித்திருந்தார்கள். விழுந்தவற்றுள் முதலாவது 1,290 பறப்புகளும் மற்றையது 900 அளவிலான பறப்புகளுமே கண்டிருந்தன. எங்கே பிழை? பரிசோதித்த அந்தப் பகுதியை அதற்கு முன்னர் வேறொரு சோதனைக்காக வழமையான அழுத்தத்தின் இரு மடங்குக்கு உட்படுத்தியிருந்தார்கள். அந்த மிகை அழுத்தத்தில் பலவீனமான மூலைகளின் உலோகம் சற்று இளகி அமைந்து, பின்வந்த களைப்பைத் தாங்கும் வலிமையைப் பெற்றுவிட்டது. பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. பின்னர் பார்ன்பரோவில் பெரிய நீர்த்தொட்டிக்குள் பறப்பில் ஈடுபட்டிருந்த ஒரு விமானத்தையே இறக்கி அழுத்திப் பார்த்தபோது, அதன் உண்மையான பறப்புகளையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் அது பிளந்தது. சோதனைக்கூடத்தில் நின்ற பொருளும் வானில் பறந்த பொருளும் ஒன்றல்ல என்பதை அந்தத் தொட்டி சொல்லிற்று.

கொலம்பியாவுக்குத் திரும்புவோம். அங்கே நுரை பெயர்வது புதினமான சங்கதியன்று. படப்பதிவு கிடைத்த 79 பறப்புகளில் 65இல் நுரை உதிர்ந்திருந்தது. கொலம்பியாவை அடித்த அதே இடத்து நுரை அதற்கு முன் ஆறு தடவைகள் பெயர்ந்ததாக அறியப்பட்டது. கடைசியாக 2002 ஒக்டோபரில் பெயர்ந்திருந்தது. விண்ணோடத்தின்மீது எதுவும் உதிர்ந்து விழலாகாது என்பதே ஆரம்ப வடிவமைப்பின் விதி. ஆனால் ஒவ்வொரு தடவையும் நுரை விழுந்தும் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பிவந்ததால், விதி மீறப்பட்டதை ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ளாமல், ஆபத்தில்லை என்பதற்கான அத்தாட்சியாகக் கொண்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பறந்து, தன் 28ஆவது பயணத்தில் இருந்த ஓடம் அது.

நான் வருந்துவது இந்த இடத்தில்தான். திரும்பி வந்த பறப்புகள் சோதனைகள் ஆகமாட்டா. எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு பெரிய துண்டு, எந்தத் தகட்டில் பட்டது என்று அளக்கப்படாத மோதல் எதையும் நிரூபிக்காது. அது நல்லூழ். நல்லூழைப் பதிவேட்டில் வரவாக எழுதிக்கொண்டார்கள்.

விண்ணோடம் வானில் இருந்தபோதே சில பொறியியலாளர்கள் கவலையடைந்தனர். சேதத்தைக் கணிக்க அவர்களிடம் இருந்த கணினி முறை, மூன்று கன அங்குலம் அளவிலான சிறு துண்டுகளைக் கொண்டு பரீட்சிக்கப்பட்டது. மோதிய துண்டோ ஏறத்தாழ 1,200 கன அங்குலம். நானூறு மடங்கு! அந்த முறைகூட, வெப்ப ஓடுகளின் முழுத் தடிப்பையும் தாண்டிச் சேதம் இறங்கலாம் என்றே காட்டியது. இம்முறை எப்போதும் மிகைப்படுத்தித்தான் காட்டும் என்று சொல்லி அந்த விடையையும் குறைத்துக்கொண்டார்கள். இறக்கையைப் படம்பிடித்துத் தாருங்கள் என்று மூன்று தடவைகள் கேட்கப்பட்டது. மூன்று தடவைகளும் படம் கிடைக்கவில்லை. ஓடம் பாதுகாப்பாக இருக்கிறதென நிரூபிப்பது முகாமையாளர்களின் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, பாதுகாப்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பொறியியலாளர்களின் தலையில் சுமத்தப்பட்டது. நிரூபிப்பதற்கு வேண்டிய படமோ அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஹரோல்ட் கெஹ்மன் தலைமையிலான விசாரணைச் சபை, வாதங்களை நிறுத்திவிட்டுச் சோதனையில் இறங்கியது. டெக்சாஸின் சான் அன்ரோனியோ நகரிலுள்ள தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தில், அழுத்திய வாயுவால் இயங்கும் பீரங்கி ஒன்று இருந்தது. விமானங்களில் பறவைகள் மோதுவதைச் சோதிக்கப் பயன்பட்டது அது. அதில் நுரைத்துண்டை இட்டு, ஏற்கெனவே விண்ணுக்குச் சென்றுவந்த உண்மையான தகடுகளின்மேல் சுட்டார்கள். ஜூனில் டிஸ்கவரி விண்ணோடத்தின் தகடொன்றில் 14 சென்ரிமீற்றர் நீள வெடிப்பு உண்டாயிற்று. 2003 ஜூலை 7ஆம் திகதி, அற்லாண்டிஸ் விண்ணோடத்திலிருந்து கழற்றிய எட்டாம் இலக்கத் தகட்டின்மீது, 760 கிராம் நுரை செக்கனுக்கு 237 மீற்றர் வேகத்தில் மோதியது. கூடிநின்றவர்கள் வாய்விட்டு அதிர்ந்தார்கள் என்று செய்திகள் கூறின. தகட்டில் 40 சென்ரிமீற்றர் அகலமான துவாரம்! ஆறு மாதங்களாக நடந்த வாதம் அந்தக் கணத்தில் முடிவுக்கு வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் கருத்து மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, பொருளைப் புதிதாக இருக்கையில் மட்டும் சோதித்தால் போதாது; உழைத்துக் களைத்த பிறகும் சோதிக்க வேண்டும். 1992ஆம் ஆண்டிலேயே கொலம்பியாவின் தகடுகளில் ஊசித்துவாரங்கள் காணப்பட்டன. அவற்றின் காரணத்தைத் தேடியபோது வெளிவந்த உண்மை வியப்பானது. ஏவுதளத்தின் இரும்புச் சட்டங்கள் துருப்பிடிக்காதிருக்க இடப்பட்ட பூச்சில் நாகம் கலந்திருந்தது. மழைநீர் அதைக் கழுவிக்கொண்டுவந்து இறக்கைமேல் சொட்டியது. பறப்பின் வெப்பத்தில் அந்த நாகம் சிலிக்கன் காபைட்டு உறையை அரித்தது. ஒரு பாதுகாப்புப் பூச்சு இன்னொரு பாதுகாப்புப் பூச்சுக்கு எமனாகும் என்று எந்தப் புதுத் தகட்டைச் சோதித்து அறியமுடியும்?

இரண்டாவது, பொருள் வாழப்போகும் விதத்தில் அதைச் சோதிக்க வேண்டும். வெப்பத்தை வெல்லும் என்று நிரூபிக்கப்பட்ட தகடு, மோதலையும் வெல்லும் என்று எண்ணிக்கொள்வது, நல்ல நீச்சற்காரன் நல்ல மரமேறியாகவும் இருப்பான் என்று எண்ணுவதைப் போன்றது. மூன்றாவது, சோதனை அழிவுக்கு முன் நடக்கவேண்டும். அந்தப் பீரங்கி 2003 ஜூலையில் திடீரென முளைத்ததல்ல. நுரையும் தகடும் பீரங்கியும் பல்லாண்டுகளாக இருந்தன. மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை.

எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருந்தால் எதையும் பறக்கவிட முடியாது என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. சோதனை பணத்தையும் காலத்தையும் விழுங்குவது. அரிய தகடுகளை உடைத்துத்தான் அறிய முடிகிறது. ஆனால், தம்மிடம் வந்து முறையிடும் சேதத்தையாவது சோதிக்கலாமே. அறுபத்தைந்து பறப்புகளில் நுரை வந்து கதவைத் தட்டியிருக்கிறதே. தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்ற வாதமும் நிலைக்கவில்லை. ஆயத்தநிலையில் இருந்த அற்லாண்டிஸை விரைவாக ஏவி அவர்களை மீட்பது கடினமெனினும் இயலக்கூடியதே என்று பின்னர் செய்த ஆய்வு கூறியது.

விசாரணை அறிக்கை 2003 ஆகஸ்ட் 26ஆம் திகதி வெளியாயிற்று. அதன்பின் இறக்கையின் முன்விளிம்பில் மோதல்களை உணரும் கருவிகள் பொருத்தப்பட்டன. நீண்ட கம்பத்தின் நுனியில் கருவிகளைப் பொருத்தி விண்வெளியிலேயே தகடுகளைப் பரிசோதித்தார்கள். 2005 ஜூலையில் மீண்டும் பறந்தபோதும் நுரை உதிர்ந்தது. ஆனால் இம்முறை அதைப் பார்க்கக் கண்கள் இருந்தன. 2011 ஜூலையில் விண்ணோடங்கள் யாவும் ஓய்வுபெற்றன. அதுவரை வேறெந்தக் குழுவினரும் மடியவில்லை.

என் தொழிலிலும் இந்த நோய் உண்டு. அதிகாரமுள்ள ஒருவர் சொன்னார், அது நம் புத்திக்கும் ஒத்துவந்தது என்ற இரு காரணங்களும் சேர்ந்தால், நாம் அதைச் சோதிப்பதில்லை. பல ஆண்டுகள் அப்படியே செய்தும் வழக்கு எதுவும் வரவில்லையென்றால், அதையே நம் திறமைக்குச் சான்றாகவும் கொள்கிறோம். அன்று நான் செய்யக்கூடியதாக இருந்தது மிகச் சிறியது: இவ்வாறு சொன்னவர் அதைச் சோதித்துப் பார்த்தாரா என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். செய்தியில் அதற்கு இடமிருந்தது.

ஜூலையில் தகடு உடைந்த செய்தியையும் எங்கள் பத்திரிகை வெளியிட்டது. உட்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில். பெப்ரவரி 7ஆம் திகதித் தலைப்பு தவறென்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. அன்று வெளிவராத திருத்தமாக வாசகர்கள் இதைக் கொள்ள வேண்டுகிறேன்.